கதையில் இல்லாத துண்டு

பிரிட்டோவைக் கதாநாயகன் ஆக்குவது என்று கலைவேந்தன் முடிவு செய்தபோது, அரிசி மில் வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் பாதி வெளுத்திருந்தது. நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரைக்குப் போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டிய பேனர் அது. அதில் முதலாளி சாமிநாதன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அவருக்குக் கீழே மில்லில் வேலை செய்கிற எல்லோருடைய முகமும் வரிசையாக இருந்தது. செத்துப்போன பிரிட்டோ மேல்மூலையில் இருந்தான். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியதால், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோளும் அவனோடு சேர்ந்து பரலோகம் போய்க்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் சிலர் முதலாளிதான் போய்விட்டார் என்று நினைத்து, வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, அவரிடமே துக்கம் விசாரித்தார்கள்.

பேனரில் இருந்த நான்கு வரிக் கவிதை கலைவேந்தனுடையது. அவர் அந்த மில்லில் கணக்குப் பார்ப்பவர். 'செந்தமிழ்ச் சுடர்' என்ற பட்டம் உடையவர். பட்டம் கொடுத்த இலக்கியப் பேரவைக்கு அவரே செயலாளர் என்பதால், வலது கை கொடுத்ததை இடது கை பணிவோடு வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். நான்கு வரியில் அவருக்கு மனம் ஆறவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவன் செத்திருக்கிறான், நாலு வரியா? ஒரு பெருங்கதையே எழுதிவிடுவது என்று தீர்மானித்தார்.

பிரிட்டோ செத்த விதம் இதுதான். நெல்லை மேலே தூக்கிக்கொண்டு போகிற எலிவேட்டருக்கு அடியில் ஒரு குழி உண்டு. நெல் அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் குழிக்குள் இறங்கி, குனிந்து, கையால் வாரி எடுக்க வேண்டும். இறங்குகிறவன் தன் துண்டை மெயின் சுவிட்ச் கைப்பிடியில் போட்டுவிட்டு இறங்குவான். துண்டு தொங்குகிற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. ஏறி வந்து, அவனே துண்டை எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். அந்த மில்லில் பூட்டு, சாவி, சிவப்பு விளக்கு எல்லாமே இந்தத் துண்டுதான்.

அன்றைக்கும் பிரிட்டோ துண்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். அந்த நேரம் பார்த்து முதலாளி, பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த பாகூர் சம்பந்தி வீட்டாருக்கு மில்லைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். சுவிட்சுக்கு முன்னால் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா கலை இது? அழுக்குத் துண்ட மெஷின் மேல மாட்டி வெச்சிக்கினு? எடுத்து அப்பால போடு."

கலைவேந்தன் அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் கம்பியில் போட்டார். அத்தனை வருஷம் அங்கே இருந்தவருக்கு அந்தத் துண்டின் பொருள் தெரியாதா? தெரியும். முதலாளி சொன்ன நிமிஷம் தெரியாமல் போய்விட்டது. சம்பந்திக்கு மில் ஓடுகிற அழகைக் காட்ட முதலாளியே தன் கையால் சுவிட்சைப் போட்டார்.

போலீஸ் வந்து பார்த்தபோது துண்டு ஜன்னலில் இருந்தது. துண்டு போடாமல் இறங்கிவிட்டான், அலட்சியம், அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரும் அதையே சொன்னது. டீக்கடையில் சொன்னார்கள்; களத்தில் நெல் துழாவுகிற பெண்கள் சொன்னார்கள்; சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். 'அவனே தேடிக்கினான்பா.'

பிரிட்டோவின் மனைவி சகாயராணிக்கு மட்டும் இது பொய்யென்று தெரியும். மில்லில் மூட்டை தைக்கிற கண்ணையன், நடந்ததைக் கண்ணால் பார்த்தவன், கல்லறையில் மண் போடும்போது அவள் காதோடு சொல்லிவிட்டான். சொன்ன கையோடு, "நா சொன்னேன்னு சொல்லிடாத தங்கச்சி, எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்றும் சொன்னான். அவள் சொல்லவில்லை. அவளும் அதே மில் களத்தில்தான் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கலைவேந்தன் கதைக்குத் தகவல் சேகரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தார். சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில், பாதி பூசிய வீடு. வெள்ளைச் சட்டையில் வந்தவரைப் பார்த்ததும் மாமியார் ஜோஸ்பின் உள்ளேயிருந்து கேட்டாள்.

"யாருடி அது? கோயில்லேர்ந்தா?"

"இல்ல அத்த. மில்லு கணக்கரு."

நாற்காலியில் உட்கார்ந்த கலைவேந்தன் தொண்டையைச் செருமினார். "பிரிட்டோவ நா சாக விடமாட்டேன்மா."

"அதான் செத்துட்டானே," என்றாள் ஜோஸ்பின்.

"இல்லம்மா, நா சொல்றது வேற. அவர வெச்சி ஒரு கதை எழுதப்போறேன். காலம் உள்ளவரைக்கும் அவரு அதுல இருப்பாரு."

"போலீசுல எழுதிக்கினு போனாங்களே, அந்த மாதிரியா சார்?" என்று சகாயராணி கேட்டாள்.

"சேச்சே. அது அறிக்கை. இது இலக்கியம்."

"எதுல சார் நெஜம் இருக்கும்?"

"இலக்கியத்துலதாம்மா!" கலைவேந்தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அப்போது அவர் அதை நம்பவும் செய்தார். பிறகு செல்போனை எடுத்துப் பதிவு செய்வதற்காக நடுவில் வைத்தார். "சொல்லுங்க. அவரோட நல்ல குணம்லாம் ஒவ்வொண்ணா சொல்லுங்க."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்போன் வெகுநேரம் தெருநாய் குரைப்பதையே பதிவு செய்தது.

"கத்துவாரு," என்றாள் சகாயராணி கடைசியில். "சோத்துல மயிரு கெடந்தா கத்துவாரு. பஸ்ஸு லேட்டா வந்தா டிரைவரப் பாத்துக் கத்துவாரு. ஆனா எதுலயும் அவசரப்பட மாட்டாரு சார். கேஸ் மூடியிருக்குதான்னு எந்திரிச்சி எந்திரிச்சிப் போய்ப் பாப்பாரு. ரோட்டத் தாண்டணும்னா ரெண்டு பக்கமும் பாத்துட்டு, இன்னொருதரம் பாப்பாரு. அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துடும்."

"சைக்கிளயே தள்ளிக்கினுதான் போவான்," என்றாள் ஜோஸ்பின். "ஏறினா உழுந்துடுவானாம்."

"இரக்க குணம்? யாருக்காவது ஏதாவது எடுத்துக் குடுத்தது, அந்த மாதிரி?"

"அவனா?" ஜோஸ்பினுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தபா அவன் துண்டுல கை தொடச்சிட்டேன்னு சோத்துத் தட்டத் தள்ளிவுட்டான் சார். பெத்த ஆத்தா நானு! துண்ட யாரும் தொடக்கூடாது அவனுக்கு. அவனே தோச்சி, அவனே காயப்போட்டு, அவனே மடிச்சி வெச்சிக்குவான்."

துண்டு என்ற பேச்சு வந்ததும் கலைவேந்தன் செல்போனை எடுத்து அணைத்துவிட்டார். எழுந்தவரோடு சகாயராணியும் வாசல் வரை வந்தாள்.

"சார், நா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்டி வேணா எழுதிக்குங்க. கத்துவாருன்னு எழுதினாலும் பரவால்ல. துண்டு போட்டுட்டுத்தான் எறங்கினாருன்னு மட்டும் எழுதிடுங்க. ஊரே அவர அலட்சியம் புடிச்சவருன்னு சொல்லுது சார். அப்டிப்பட்ட ஆளா அவரு? யாரு எடுத்தாங்கன்னு நா கேக்கல. அத எழுதவே வாணாம். போட்டாருன்னு ஒரு வார்த்த. அது போதும்."

கலைவேந்தனுக்கு வியர்த்தது. வெயில் என்று எடுத்துக்கொள்ளலாம். "எழுதிடறேம்மா," என்றார்.

நியாயமாகச் சொன்னால், முதல் பிரதியில் எழுதவும் செய்தார். பிரிட்டோ என்ற பெயர் அவருடைய தமிழுக்கு ஒட்டாததால் நாயகன் இளம்பரிதி ஆனான். குட்டையாக, முன்வழுக்கையோடு இருந்த மனிதன் ஒரே அத்தியாயத்தில் ஆறடி வளர்ந்து சுருட்டை முடி பெற்றான். சகாயராணி பூங்குழலியாகி, நெல் துழாவுவதை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் நின்று பெருமூச்சு விட்டாள். சர்ச் கதையை விட்டே போனது. ஆனால் துண்டு இருந்தது. இளம்பரிதி அதைச் சுவிட்சில் போட்டுவிட்டு இறங்கினான். அதை எடுத்த கையும் இருந்தது. அந்த இடத்தை எழுதும்போது கலைவேந்தன் உண்மையிலேயே அழுதார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து படித்தபோது அந்தக் கை தன்னுடையதைப் போலவே இருப்பதைக் கவனித்தார். இரண்டாம் பிரதியில் அது வெளியூரிலிருந்து வந்த ஒரு கயவனின் கையாக மாறியது. கயவன் எதற்கு மில்லுக்கு வந்தான் என்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை. மூன்றாம் பிரதியில் காற்று அடித்துத் துண்டு பறந்தது.

அந்தப் பிரதியோடுதான் முதலாளியிடம் போனார். புத்தகத்தை வில்லியனூரில் அச்சடித்துக் கொடுப்பது முதலாளி. பின்னட்டையில் அவருடைய வண்ணப்படமும் உண்டு. கலைவேந்தன் ஏற்ற இறக்கத்தோடு படிக்க, சாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நினைத்த இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"காத்தா? மில்லுக்குள்ள ஏதுய்யா காத்து? ஃபேன் போட்டா தவுடு பறக்குதுன்னு அதையே கழட்டி வெச்சிருக்கோம்."

"அது உருவகம் முதலாளி. காத்துன்னா விதி."

"விதியோ மதியோ. காத்து தள்ளிச்சின்னா அங்க துண்டு இருந்திச்சின்னு ஆவுதா இல்லியா? இருந்திச்சின்னா, 'இன்னாடா இது, காத்தா எடுத்துக்கினு போவும்'னு ஒருத்தன் கேப்பான். நீதான எடுத்த?"

"நீங்க சொன்னீங்கன்னுதான்..."

"சரி. நா சொன்னேன்னு எழுதப்போறியா?"

கலைவேந்தன் பிரதியின் ஓரங்களைத் தட்டி நேராக்கினார்.

"துண்டே வாணாம்யா," என்றார் சாமிநாதன், குரலைத் தாழ்த்தி, ஒரு நோயாளிக்குப் பத்தியம் சொல்வதுபோல. "ஆளு நல்லவன்னு எழுது. எவ்ளோ நல்லவன்னு வேணாலும் எழுது. தெய்வம்னு எழுது. நா இன்னா வாணாம்னா சொல்றேன்? துண்ட மட்டும் எடுத்துடு."

ஒரு துண்டை எடுக்கும்படி அந்த வாய் அந்த ஆளுக்குச் சொல்வது அது இரண்டாம் முறை. கலைவேந்தன் இந்த முறையும் எடுத்தார். ஆனால் கலைஞனாயிற்றே, சும்மா எடுக்க மனம் வரவில்லை. அன்று மாலை, மாட்டுக்குத் தவிடு வாங்க வந்த ஒரு கிழவி தும்மியதைக் கேட்டபோது அவருக்கு அந்த யோசனை பிறந்தது. மார்கழி மாதத்துப் பனி. இளம்பரிதி மில்லுக்குப் போகிற வழியில் ஒரு கிழவி குளிரில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். தோளில் இருந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு, வெறுந்தோளோடு போகிறான். மில்லில் எலிவேட்டர் அடைத்துக்கொள்கிறது. ஊரார் நெல் வீணாகிவிடுமே! சுவிட்சில் போடத் துண்டு இல்லை. அறம் காக்கும் என்று சொல்லிக் குழியில் இறங்குகிறான். யார் சுவிட்சைப் போட்டது என்று கதை கேட்கவில்லை. அந்த இடத்தில் மெஷின் தானாக 'விழித்துக்கொண்டது.'

பிரிட்டோ செத்தது பங்குனியில், உச்சி வெயிலில். அதனால் என்ன? கலைவேந்தன் தன் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த பத்தி அதுதான். அவருக்கே அது தெரிந்தது.

அடுத்த பங்குனியில் முதல் வருஷ நினைவு நாள். காலையில் சர்ச்சில் பிரிட்டோவுக்குப் பூசை. சாயங்காலம் மில் களத்தில் பந்தல் போட்டு இளம்பரிதிக்கு வெளியீட்டு விழா. சகாயராணியை மேடையில் உட்கார வைத்தார்கள். பாகூரிலிருந்து வந்த பேரவைத் தலைவர் ஒருவர், அவருக்குப் பொன்னாடை போர்த்திய முதலாளி, முதலாளிக்குப் போர்த்திய கலைவேந்தன், கலைவேந்தனுக்குப் போர்த்திய இன்னும் பலர் என்று மேடையில் தோள்கள் மூடிக்கொண்டே போயின. அந்த வெயிலில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. யாரும் பொன்னாடையை எடுக்கவில்லை. கடைசியில் சகாயராணிக்கும் ஒன்று போட்டார்கள்.

பேரவைத் தலைவர் கதையைப் படித்தார். ஆறடி உயரமும் சுருட்டை முடியும் வந்தபோது வேறு யாரைப் பற்றியோ படிக்கிறார்கள் என்று சகாயராணி நினைத்தாள். மில் என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தாள். துண்டு என்ற சொல் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். துண்டு கிழவியின் மேல் விழுந்தது. களத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். முன்வரிசையில் ஜோஸ்பின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சகாயராணி சுவிட்ச் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தாள். சுவிட்ச் வந்தது. வெறுமையாக இருந்தது.

"கதாநாயகனின் துணைவியார் ஒரு சில வார்த்தைகள்..." என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

அவள் அதற்குமுன் மைக்கில் பேசியதில்லை. அது 'கொய்ய்' என்று கத்தியது. அடங்கியதும் சொன்னாள்: "அவரு துண்டு போட்டாரு."

முதலாளி பொன்னாடையின் நுனியைப் பிடித்தார்.

"துண்டு போட்டுட்டுத்தான் எறங்கினாரு. யாருக்கும் குடுக்கல. அவரு குடுக்க மாட்டாரு. சுவிட்சு மேல..."

அங்கே நிறுத்தினாள். மூட்டைகளின் பக்கம் நின்ற கண்ணையனைப் பார்த்தாள். கண்ணையன் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான். அவ்வளவு நேரமா ஒரு வார் சரியாகாது?

பேரவைத் தலைவர் அனுபவசாலி. மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார். "பார்த்தீர்களா! கணவரின் துண்டு என்று சொல்லும்போதே அந்த அம்மையாருக்கு நா தழுதழுக்கிறது. கதை எது, நிஜம் எது என்று தெரியாத அளவுக்கு நம் செந்தமிழ்ச் சுடரின் எழுத்து அவரை உலுக்கிவிட்டது. இதைவிட ஒரு விருது உண்டா?"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. முதலாளியும் தட்டினார். தட்டியவர்களில் உண்மையாக அழுதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஊரில் 'அவனே தேடிக்கினான்' என்ற பேச்சு நின்றது. அந்த வகையில் இலக்கியம் வென்றது. டீக்கடையில் இப்போது, "துண்டக் குடுத்துட்டு உசுர வுட்டான்பா, அவனில்ல மனுசன்" என்றார்கள். பிரிட்டோவோடு ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம் அவனிடம் ஏதாவது வாங்கியதாக நினைவுகூரத் தொடங்கினார்கள். ஒருவனுக்குக் குடை கொடுத்தானாம். கிருமாம்பாக்கத்திலிருந்து ஒருவர் தனக்கு அவன் பஸ்ஸில் இடம் கொடுத்ததாகச் சொன்னார். பிரிட்டோ அந்தப் பக்கம் பஸ்ஸில் போனதே இல்லை.

ஈஸ்டர் வந்து தபசு காலம் முடிவதற்குள் பவுனம்மாள் வந்துவிட்டாள். மடுகரையில் தனியாக இருக்கிற கிழவி. தடியூன்றி வாசலில் வந்து நின்று, "இதான் துண்டு குடுத்த புள்ள வூடா?" என்று கேட்டாள்.

ஜோஸ்பின் எழுந்து ஓடினாள். "நீ யாரும்மா?"

"நாந்தாம்மா அந்தக் கெழவி."

சகாயராணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எந்தக் கெழவி?"

"குளிர்ல கெடந்தேனே. உன் வூட்டுக்காரருதான் போத்திவுட்டாரு. அப்ப யாருன்னு தெரியல. கதையப் படிச்சிக் காட்டினாங்க, அப்பறந்தான் தெரிஞ்சிது. மவராசன்." பவுனம்மாளின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. அவள் பொய் சொல்ல வந்தவள் இல்லை. அவளுக்கு எப்போதோ யாரோ எதையோ போர்த்திவிட்டிருக்கலாம். யாருமே போர்த்தாமலும் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் இன்னும் நன்றாக நினைவில் நிற்கும்.

"அவரு செத்தது பங்குனியில ஆயா," என்றாள் சகாயராணி. "பங்குனியில உனக்கு இன்னா குளிரு?"

"எனக்கு எப்பவும் குளிரும்டி."

"அந்தத் துண்டு எங்க? காட்டு பாப்பம்."

"கிழிஞ்சிபோச்சி."

"அத்த, இவங்கள அனுப்பு. அவரு யாருக்கும் குடுக்கல. கண்ணையன் பாத்திருக்கான். சுவிட்சு மேல போட்டதக் கண்ணால பாத்திருக்கான். எடுத்தது அந்தக் கணக்கரு. சுவிட்சப் போட்டது மொதலாளி." கண்ணையனுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் போயிற்று.

ஜோஸ்பின் திகைக்கவில்லை. பவுனம்மாளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"என் புள்ளய எனக்குத் தெரியாதா? துண்டு போடாம எறங்குவானா அவன்? கொல்லைக்குப் போனாக்கூட தாப்பாள ரெண்டு தபா இழுத்துப் பாக்கறவன்." குரல் ஒரு கணம் உடைந்து, மீண்டும் சமமானது. "யாரோ எடுத்துட்டாங்க, எவனோ சுவிட்சப் போட்டுட்டான்னு நெனச்சிப் படுத்தா அந்த மெஷின் சத்தம் எனக்குக் காதுலயே கேக்குது. அவன் உள்ளேருந்து கத்தியிருப்பான்ல, யாருக்கும் கேட்டிருக்காதுல்லன்னு. போன மாசத்துலேர்ந்து எனக்குக் கேக்கல. இந்தக் கெழவிக்குப் போத்திவுட்டான், நடந்து போனான், அவ்ளோதான் தெரியுது. நா தூங்கறேன்டி. நீ வேணும்னா முழிச்சிக்கினு இரு."

"அது பொய் அத்த."

"நல்லாருக்குது இல்ல?"

சகாயராணி உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள். பவுனம்மாள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் கை எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஜோஸ்பின் நெருங்கி உட்கார்ந்து, "அப்பறம்? இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டாள். தன் மகன் பேசாத பேச்சையெல்லாம் ஓர் அம்மா அப்படித்தான் கேட்பாள் என்று சகாயராணிக்குத் தோன்றியது. அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

மில்லில் முதலாளி சும்மா இருக்கவில்லை. புத்தகத்துக்குக் கிடைத்த பெயரைப் பார்த்து, பாண்டியிலிருந்து ஓவியரை வரவழைத்து இளம்பரிதியின் படத்தைப் பெரிதாக வரையச் சொன்னார். முறுக்கிய மீசை, சுருட்டை முடி, வெறுந்தோள். கண்ணாடி போட்டு, சந்தன மாலை சுற்றி, அதை மெயின் சுவிட்சுக்கு நேர் மேலே மாட்டினார்கள். உயிர் விட்ட இடம் அல்லவா. படத்தின் அடிச்சட்டமும் மாலையும் சுவிட்ச் கைப்பிடி வரை இறங்கி வந்தன. அதற்குப் பிறகு ஒருநாள் யாரோ வழக்கப்படி அங்கே துண்டைப் போட, கலைவேந்தன் பதறிப்போய், "செத்தவரு மூஞ்சி மேலயா அழுக்குத் துண்டப் போடுவ? அறிவிருக்குதா?" என்று கடிந்துகொண்டார். அதோடு அந்தப் பழக்கம் போயிற்று. இறங்குகிறவன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

நவரைப் பருவத்து அறுவடை முடிந்து நெல் குவிந்த நேரம். எலிவேட்டர் அடைத்துக்கொண்டது. பிரிட்டோவின் வேலை இப்போது கண்ணையனுடையது. அவன் சுவிட்சுக்கு முன்னால் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றான். படத்தைப் பார்த்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

களத்தில் கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த சகாயராணி திறந்த கதவு வழியாக இதைப் பார்த்தாள். கிளறுவதை விட்டுவிட்டு உள்ளே நடந்து வந்தாள். காலில் ஒட்டிய நெல் தரையெல்லாம் உதிர்ந்தது. சுவிட்சுக்கு முன்னால் வந்து, அதற்கு முதுகு காட்டி, கைப்பிடி முதுகில் அழுந்தும்படி நின்றுகொண்டாள். படத்தின் மாலை அவள் தலைமயிரில் உரசியது.

வெளியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "இன்னும் இன்னாய்யா பண்றீங்க? லாரி நிக்குது. சுவிட்சப் போடச் சொல்லு!"

கலைவேந்தன் வேகமாக உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கணவனின் படத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற விதவை. ஜன்னல் வழியாகத் தவிட்டுத் தூசியில் விழுகிற வெளிச்சம். அவருக்குக் கண் கலங்கியது. செல்போனை எடுத்தார்.

"அப்டியே நில்லும்மா. கொஞ்சம் தலையச் சாய்ச்சிக்க. படம் தெரியல."

"உள்ள கண்ணையன் இருக்கான் சார்."

"தெரியும்மா, தெரியும்," என்றார் கலைவேந்தன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்தா முகம் நல்லா விழும்."

அவள் நகரவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முதலாளி இன்னொரு முறை கத்தினார். சகாயராணி அவர்கள் யாரையும் பார்க்காமல், குழிக்குள் நெல்லை வாரும் கையின் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.